ஏழு மணிக்குப் போகும்

அமாவாசையும் வெள்ளிக்கிழமையும் ஒரே நாளில் வந்துவிட்டால் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எந்தக் கம்பெனி கேட்டுக்கு முன்னாலும் கால் வைக்க முடியாது. பூசணிக்காய் சிதறிக் கிடக்கும். உருக்காலையோ, பிஸ்கட் கம்பெனியோ, லாரி ஒர்க்‌ஷாப்போ, சூடம் ஏற்றித் திருஷ்டி கழிக்காமல் யாரும் அடுத்த ஷிப்டைத் தொடங்க மாட்டார்கள். கவரைப்பேட்டையைத் தாண்டிப் புதிதாக முளைத்திருந்த பேட்டரி யார்டு மட்டும் இதற்கு விலக்காகிவிடுமா என்ன?

கம்பி வேலிக்குள் வரிசையாக வெள்ளைக் கண்டெய்னர்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் அலமாரி அலமாரியாகப் பேட்டரிகள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துச் சோலார் பேனல்கள் பகலெல்லாம் கொட்டுகிற மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. சோலார்காரன் சாயந்திரமானால் காணாமல் போய்விடுவான் என்று பல வருடமாகக் கேலி பேசியவர்களின் வாயை அடைக்க வந்த யார்டு. அதற்கு இதுதான் முதல் கோடை. அக்னி நட்சத்திரம் வேறு. எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிறது, எல்லோருக்கும் ஏழு மணிக்குத்தான் மின்சாரம் வேண்டும்.

அன்றைய ஷிப்ட் இன்சார்ஜ் தேவதர்ஷினி. பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, எலெக்ட்ரிக்கல் படித்து, இந்த யார்டில் கால் ஊன்றிய பெண். பெருமை கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. ஊருக்குப் போகும்போதெல்லாம் 'எங்க யார்டு வந்தாச்சு, இனிமே கரண்ட் போவாது' என்று சொல்லாமல் திரும்பியதில்லை. ஊரார் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவளுடைய அண்ணன் சேகர் மட்டும் நம்பினான்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஏரித் தொழிலை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே இரண்டு குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்த்துக்கொண்டிருந்தான் சேகர். இன்னும் ஒரு வாரம் போனால் பிடிக்கலாம் என்கிற அளவுக்கு இறால் பெருத்திருந்தது. பெருத்த இறாலுக்குக் காற்று அதிகம் வேண்டும். பொழுது இறங்கிவிட்டால் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் மோட்டார் சக்கரங்கள் நிற்கவே கூடாது. நின்றால் ஒரு மணி நேரத்தில் இறால் மேலே வந்து திணற ஆரம்பிக்கும். அப்புறம் கரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் அன்று மத்தியானம் தங்கைக்குப் போன் போட்டான். ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன் வாசலில் வந்து நிற்கிறானாம். வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விடுவானாம்.

அவள் போனில் இருந்த அதே நேரத்தில் தணிகாசலம் எதிரே வந்து நின்றார். யார்டின் டெக்னீஷியன். கையில் புகையும் சாம்பிராணிக் கரண்டி. வேலிக்குள் நெருப்பு ஆகாது, பூஜையெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே முடித்துவிட வேண்டும் என்று அவள் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள். அப்படியே முடித்தும் விட்டார்கள். ஆனால் நாலாம் நம்பர் கண்டெய்னரின் கூலிங் ஃபேன் அந்த வாரம் முழுக்க மக்கர் பண்ணிக்கொண்டே இருந்ததில் தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை.

"நாலாம் நம்பருக்கு மட்டும் ஒரு தபா காட்டிட்டு வந்துடறேன் மேடம். யாரோ கண்ணு வெச்சிட்டானுங்க."

தேவதர்ஷினி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, சீக்கிரம் முடியுங்கள் என்று கையை ஆட்டினாள். வெளியிலிருந்து காட்டிவிட்டு வருவார் என்று அவள் நினைத்தாள். சாமிக்குக் காட்டுவதைக் கதவைச் சாத்திவைத்தா காட்டுவார்கள் என்று அவர் நினைத்தார்.

"வேணாம்ணா, அனுப்பிடு" என்றாள் அண்ணனிடம். "கரண்ட் போவாது. நான் இருக்கேன் இல்ல?"

அந்த வாய் மூடுவதற்குள் சைரன் அடித்தது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தணிகாசலம் கண்டெய்னர் வாசலில் இருமிக்கொண்டு நின்றிருந்தார். கரண்டி தரையில் கிடந்தது. நல்லவேளை, உள்ளே நுழையவில்லை. கதவைத் திறந்து கையை மட்டும்தான் நீட்டியிருக்கிறார். அது சாம்பிராணிப் புகையா தீப்புகையா என்று மேலே இருந்த சென்சாருக்கு என்ன தெரியும்? புகை என்றால் தீ, தீ என்றால் அணை. அணைக்கும் வாயு முழுவதும் சீறிக்கொண்டு வந்து கொட்டிவிட்டது. கூடவே யார்டில் இருந்த எல்லாக் கண்டெய்னர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்களைப் பூட்டிக்கொண்டன. பேட்டரிகளில் நிறைய மின்சாரம் இருந்தது, ஆனால் ஒரு துளியும் வெளியே வராது.

தணிகாசலம் அவள் முகத்தைப் பார்க்காமல், "நான் நல்லதுக்குத்தான் மேடம்..." என்றார். அவரைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கையை ஆட்டியது யார்?

கண்டெய்னர்களைச் செய்து கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் பீட்டர், ஸ்ரீபெரும்புதூரில் இருந்தார். போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். எல்லாக் கண்டெய்னர்களுக்கும் அணைக்கும் வாயு ஒரே தொகுப்பிலிருந்துதான் வருகிறது. இப்போது அது காலி. புது சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, ரெட்ஹில்ஸ் நெரிசலைத் தாண்டி, வந்து மாட்டி, சோதித்து முடிக்க ராத்திரி ஆகிவிடும். அதுவரைக்கும் பூட்டைத் திறக்க ஒரு வழி இருக்கிறது, பேனலில் சாவியைப் போட்டுத் திருப்பினால் போதும். ஆனால் இந்த வெயிலில், நிறைந்த பேட்டரி முழு வேகத்தில் ஓடும்போது ஏதாவது ஒன்று பற்றிக்கொண்டால் அணைக்க எதுவும் இல்லை. நான் திருப்பு என்று சொல்ல மாட்டேன், திருப்பாதே என்றும் உங்கள் கையைப் பிடிக்க முடியாது என்றார்.

சென்னை ஆபீஸில் மேலாளர் ஹேமநாத்துக்கு விஷயம் தெரிந்ததும் அவர் போன் வந்தது. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. முதல் கோடையிலேயே கைவிரித்தால் நம்மை யார் நம்புவார்கள், பாதிக் கண்டெய்னர்களையாவது ஓட்டலாமே, சாம்பிராணிதானே, நிஜத் தீ இல்லையே என்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டுக் கடைசியில், நீதான் அங்கே இருக்கிறாய், நீயே பார்த்து முடிவு செய் என்று பந்தை அவள் காலடியில் உருட்டிவிட்டார். பெரிய இடத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த வித்தை நன்றாகவே வரும்.

தேவதர்ஷினியால் உட்கார முடியவில்லை. கண்ட்ரோல் ரூமுக்கும் யார்டுக்குமாக நடந்தாள். வாட்டர் கேனைத் திறந்து தண்ணீர் பிடித்தாள், குடிக்காமல் வைத்தாள். ஜன்னல் வழியாகத் தெரிந்த வெயில் இறங்குகிற மாதிரியே இல்லை. ஆனால் இறங்கத்தான் போகிறது. சாவி அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு திருப்பு. ஓடினால் ஓடிவிடும், பத்தில் ஒன்பது முறை ஓடத்தான் செய்யும். யாரும் கேட்கப்போவதும் இல்லை. அண்ணன் குட்டையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஒன்பதை நினைத்தால் ஆசையாக இருந்தது. மிச்சமிருக்கும் ஒன்றை நினைத்தால், வேலிக்கு அந்தப் பக்கம் நாற்று விட்டிருக்கும் வயல்களும் அதை ஒட்டி இருக்கும் வீடுகளும் கண்ணில் பட்டன.

லோடு சென்டரிலிருந்து அழைப்பு வந்தது. மாநிலம் முழுக்க எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம், எங்கிருந்து வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பங்கு போடுகிற இடம் அது. பேசியவர் குரலில் தூக்கம் கெட்ட களைப்பு தெரிந்தது. வடக்கிலிருந்து வரும் பெரிய லைனில் ஒன்று பழுதுக்காக நிற்கிறது, காற்றாலைகளில் காற்று இன்னும் பிடிக்கவில்லை, உங்கள் யார்டைத்தான் நம்பி இருக்கிறோம் என்றார்.

"ஏழு மணிக்கு எவ்ளோ குடுப்பீங்க மேடம்? உறுதியா சொல்லுங்க."

பாதி தருகிறேன் என்று சொல்லலாம். முயற்சி பண்ணுகிறேன் என்று இழுக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டு, ஊர் மொத்தமும் சுவிட்சைப் போட்டிருக்கும் நேரத்தில் கண்டெய்னர் ஒன்று கையை விரித்தால், அது தன்னோடு சேர்த்து எத்தனை ஊரை இழுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தெரியும். படித்ததே அதைத்தான்.

"ஒண்ணும் குடுக்க முடியாது சார். இன்னைக்கு எங்களைக் கணக்குல வெச்சுக்காதீங்க."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். அவரோ, இப்போதே சொன்னது நல்லதாகப் போயிற்று, மலைப்பக்கத்து அணைகளில் தண்ணீரைத் திறந்து கொஞ்சம் சமாளிக்கலாம், கடைசி நேரத்தில் சொல்லியிருந்தால் மாவட்டமே இருண்டிருக்கும் என்றார். அப்படியும் துண்டு விழும். அதை முறை வைத்து வெட்டியாக வேண்டும். உருக்காலைகளில் உலை கொதித்துக்கொண்டிருக்கிறது, அங்கே வெட்ட முடியாது. முதலில் பழவேற்காட்டுப் பக்கம், ஏழு மணிக்கு.

அந்தப் பக்கம் இறால் குட்டைகள் இருக்கின்றன சார் என்று சொல்லிப் பார்த்தாள். எந்தப் பக்கம்தான் ஒன்றும் இல்லாமல் இருக்கிறது மேடம் என்றார் அவர். அதற்கு மேல், என் அண்ணன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொல்லியிருந்தாலும் வேறு யாரோ ஒருவனின் அண்ணனுக்குத்தான் வெட்டியிருப்பார்கள்.

போனை வைத்ததும் அவள் செய்த அடுத்த காரியம்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அண்ணன் நம்பரை அழுத்திவிட்டு, எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு கணம் நினைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணா, ஏழு மணிக்கு கரண்ட் போவும்."

"இன்னாடி சொல்ற?" என்றான் சேகர். "நீதானே கொஞ்ச நேரம் மின்னாடி போவாதுன்ன? அவன் வண்டிய எடுத்துக்கினு போய்ட்டாண்டி."

தப்பு எங்களுடையது, நான்தான் கையை ஆட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாதியில் வைத்துவிட்டான். அப்புறம் எத்தனை முறை போட்டும் எடுக்கவில்லை. தணிகாசலம் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, தன் மச்சானிடம் பந்தல் வேலைக்கு வைத்திருக்கும் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது, குட்டைக்கு ஏற்றிக்கொண்டு போகவா என்று கேட்டார். போங்கள் என்றாள். இந்த முறை கையை ஆட்டாமல், அவர் முகத்தைப் பார்த்து, எங்கே, யாரிடம், எந்தக் குட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினாள்.

பீட்டர் வந்து, சிலிண்டர்களை மாட்டி, சோதித்து, பூட்டைத் திறந்து கொடுத்து எல்லாம் முடிந்தது. விடிந்ததும் தேவதர்ஷினி வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டியை நேரே குட்டைக்கு விட்டாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை.

கரையில் ஒரு தார்ப்பாயின் மேல் செத்த இறால் குவிந்திருந்தது. சிவந்து, மொய்க்கும் ஈயோடு. அண்ணி பூவம்மாள் அதை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். தேவதர்ஷினியைப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. அள்ளுவதையும் நிறுத்தவில்லை.

குவியல் அவள் பயந்த அளவுக்கு இல்லை. சின்னக் குட்டை காலியாக இருந்தது, வலை காய்ந்துகொண்டிருந்தது. போனை வைத்த கையோடு சேகர் ஆட்களைத் திரட்டி, இருட்டுவதற்குள் அதை வலை போட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து, கிடைத்த விலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டான். ஒரு வாரம் முந்திப் பிடித்ததால் இறால் எடை குறைவு. விலையும் அடிமாட்டு விலை. ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை. தணிகாசலம் கொண்டுவந்த ஜெனரேட்டர் பெரிய குட்டையின் ஒரு பக்கத்துச் சக்கரங்களை மட்டும் சுற்ற வைத்தது. அந்தப் பக்கத்து இறால் பிழைத்தது. மறுபக்கத்தில் செத்ததுதான் தார்ப்பாயில் கிடந்தது.

சேகர் முழங்கால் வரை சேறோடு கரையேறி வந்தான். கண் சிவந்திருந்தது. தங்கையைத் தாண்டிப் போய்க் குழாயில் கை கால் கழுவினான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிக்கோண்ணா என்றாள். இனிமே இப்படி ஆவாது, உள்ளே யாரும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாதபடி பண்ணியாச்சு, இனிமே கரண்ட் போவவே போவாது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

சேகர் குழாயை மூடினான்.

"த பாரு தேவி, போவாதுன்னு மட்டும் எனக்கு இன்னொரு தபா சொல்லாத. அத்த நம்பித்தான் இது" என்று தார்ப்பாயைக் காட்டினான். பிறகு, காலியாக இருந்த சின்னக் குட்டையைப் பார்த்தான். "எப்ப போவும்னு சொன்ன பாரு, அத்த சொல்லு. அத்த வெச்சுக்கினு நான் பொழைச்சுக்குவேன்."