பதக்கத்துக்கு ஒதுக்கிய இடம்

"அதை இப்பவே தூக்கிப் போட்டுடு."

வக்கீலின் மனைவி கரண்டியை நீட்டிக் காட்டினாள். கரண்டி நுனிக்கு நேரே, பின்வாசல் ஜன்னல் விளிம்பில், ஓரம் நெளிந்த அலுமினிய டம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது.

வேலைக்காரி அதை எடுத்தாள். பதினாலு வருஷமாக அதைத் தொட்ட கை அவளுடையது ஒன்றுதான். அந்த வீட்டுப் பீங்கான் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்குவதும் அதே கைதான். கழுவலாம், அதில் குடிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் வக்கீல் அதைக் கோர்ட்டில் நார்நாராகக் கிழித்திருப்பார்.

ஏனென்றால் அவருடைய பிழைப்பே அதுதான். வீட்டு வேலை செய்பவர்களும் மனிதர்கள் என்று முப்பது வருஷம் வாதாடியவர். ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காமல் அவர்களை வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்பு வாங்கியவர். அதற்காகத்தான் இந்த வருஷம் நாட்டின் உயர்ந்த விருதுக்கான பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. பெயர் ஏறினால் மட்டும் போதாது; ஆள் எப்படி, நடத்தை எப்படி என்று போலீஸிலிருந்து ஒருவர் வந்து வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். அந்த ஒருவர் இன்று வருவதாகத் தகவல்.

ஹாலில் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டை நேற்றே காலி செய்தாகிவிட்டது, பதக்கம் வைக்க. அதைத் துடைத்ததும் வேலைக்காரிதான்.

"அவர் கேட்டா என்ன சொல்லுவ?"

"நல்லா பாத்துக்கிறாங்கன்னு சொல்றேன்மா."

"குடும்பத்துல ஒருத்தி மாதிரின்னு சொல்லு." அடுப்பைத் தணித்துவிட்டு, குசலம் விசாரிப்பதுபோல் கேட்டாள். "உன் வீட்டுக்காரருக்கு இடுப்பு எப்படி இருக்கு?"

"இன்னும் ரெண்டு மாசத்துக்கு அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா."

"பாவம். இந்த நெலமைல அவரை எங்க தூக்கிட்டுப் போக முடியும்?"

வேலைக்காரி பின்வாசல் வழியே வெளியே பார்த்தாள். தோட்டத்து மூலையில் அவர்களுக்கென்று விட்டிருந்த அறையில்தான் அவள் கணவன், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மல்லாந்து கிடந்தான். அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். பக்கத்து அறையில் வக்கீல் தாள் புரட்டும் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

டம்ளர் குப்பைக்கூடைக்குள் போயிற்று.

பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. வக்கீலின் மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஜீப்பும் தொப்பியும் வரும் என்று காத்திருந்தவள் அவள். நின்றதோ சாயம் போன சட்டையும் தோளில் தொங்கும் பையுமாக ஒரு மனிதர், பக்கத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர். சமையலறைக் குழாய் இரண்டு நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கும் ஆள் சொல்லியிருந்தாள்.

"குழாய் ரிப்பேருக்குத்தானே? பின்பக்கமா சுத்தி வா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பேசாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். வெயில் தாங்கவில்லை, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார்.

வேலைக்காரி கோப்பை அடுக்கின் முன்னால் தயங்கினாள். "அம்மா, எதுல குடுக்கட்டும்?"

"இதென்ன கேள்வி, அதுலயே குடு."

"அதைத்தான் குப்பையில..."

"எடுத்துக் கழுவிட்டுக் குடு."

முன்யோசனை காலையில் பிறந்தது, அதற்கு வயது இரண்டு மணி நேரம். பழக்கத்துக்கு வயது எத்தனை தலைமுறையோ, யார் கண்டது.

அவர் குடித்து முடித்து, நெளிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். இது யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான் என்றாள் அவள். அவர் தலையசைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு ஃபைலை வெளியே எடுத்தார்.

"நான் குழாய்க்காரன் இல்லம்மா. ஐயாவைப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன். முன்பக்கம் எப்படிப் போறது?"

அடுத்த ஐந்து நிமிஷம் அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மின்விசிறி சுற்றியது, மெத்தை தட்டிப்போடப்பட்டது, பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ வந்தது. வக்கீலின் மனைவி மன்னிப்பு கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தாள். வக்கீல் கைகூப்பியபடி வந்து, இந்த வீட்டில் பெரியவர் சின்னவர் என்ற பேதமே கிடையாது என்று சிரித்தார். போலீஸ்காரர் கோப்பையைத் தொடவில்லை. இப்போதுதான் குடித்தேன் என்றார்.

வழக்கு ஏதும் உண்டா, கட்சித் தொடர்பு உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். கடைசியில் வேலைக்காரியைக் கூப்பிட்டார்.

"இந்த வீட்டுல உங்களை எப்படி நடத்துறாங்க?"

சொல்லிக்கொடுத்த பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. வக்கீலின் மனைவி அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தோட்டத்து மூலையைப் பார்த்தாள். வேலைக்காரியின் பார்வையும் அங்கே போயிற்று. சொல்லிவிட்டால் தீர்ந்தது, மூன்றே வார்த்தை. ஆனால் அந்த மூன்று வார்த்தையைச் சொன்ன பிறகு அதே ஜன்னல் விளிம்பிலிருந்து அந்த டம்ளரை எடுத்துக் குடிக்க வேண்டும். அவள் போலீஸ்காரர் பக்கம் திரும்பினாள்.

"சார் இப்பதானே பின்வாசல்ல உக்காந்து தண்ணி குடிச்சீங்க? உங்களை எப்படி நடத்துனாங்களோ, என்னையும் அப்படித்தான். உங்களுக்கு ஒரு நாள். எனக்குப் பதினாலு வருஷம்."

போலீஸ்காரர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. அவருக்கு ரிடையராக இன்னும் மூன்று வருஷம். மேலே முடிவான பட்டியலில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். குனிந்த தலை நிமிராமல் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் நீட்டினார்.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"பாதகமாக எதுவும் தெரியவரவில்லைன்னு."

அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "எனக்குத் தெரியுமே சார். நான் போட மாட்டேன்."

அவர் பக்கத்து வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அங்கே படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார்கள்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும், நாளை மதியத்துக்குள் அறையைக் காலி செய்துவிடு என்றாள் வக்கீலின் மனைவி. வேலைக்காரி வக்கீலைப் பார்த்தாள். ஒரு மாத நோட்டீஸ் தீர்ப்பு அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் தங்கையின் புருஷனும் மூன்று பேரும் வந்து, நோயாளியைப் பலகையோடு தூக்கினார்கள். வாய்க்குள் துணியைக் கடித்துக்கொண்டு அவன் அலறலை விழுங்கியது தெருவாசல்வரைக்கும் கேட்டது. வண்டியில் ஏற்றியபின் அவள் மட்டும் உள்ளே திரும்பி வந்தாள். கடைசியாக ஒருமுறை கண்ணாடி அலமாரியைத் துடைத்துவிட்டுப் போனாள். யாரும் அவளைத் துடைக்கச் சொல்லவில்லை.

மதியம்தான் வக்கீலின் மனைவி கவனித்தாள். நடுத்தட்டில், பதக்கத்துக்கு ஒதுக்கிய இடத்தில், அந்த அலுமினிய டம்ளர் இருந்தது. பளிச்சென்று தேய்த்து, கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்திருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. கணவனைக் கூப்பிட்டாள். வக்கீல் வந்தார், பார்த்தார், கையை நீட்டினார். பாதி தூரம் போன கை அப்படியே நின்று திரும்பியது.

"புது ஆள் வந்ததும் எடுத்துடுவா," என்றார்.

ஒன்பதாம் நாள் விருது உறுதி என்று டெலிபோன் வந்தது. மாலையும் கையுமாக வந்தவர்களால் ஹால் நிறைந்தது. புது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அலமாரியின் மேல் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. பதக்கத்துக்கு இடம் தயார் செய்து மூடி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார் போட்டோ எடுக்க வந்தவர்.

வக்கீல் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் துணியையும் சேர்த்தே போட்டோ எடுத்தார்கள்.