பாதி விலை மாரத்தான்

பாதி விலைக்குக் கிடைத்தால் என் தங்கை வீட்டுக்காரர் தனக்கென்று ஒரு சவப்பெட்டியையே வாங்கிப் பரண்மேல் போட்டு வைத்திருப்பார். அது கிடைக்கவில்லை. மாரத்தான் கிடைத்தது. இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்துவிடுவார், பிழைத்துவிடுவார் என்று நம்பிக்கொண்டே படித்துவிட்டுக் கடைசியில் யாரும் என்னைத் திட்டக் கூடாது பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர் 'வசூல்'. கொடுத்த காசுக்கு வசூல் பண்ணாமல் எந்த இடத்தை விட்டும் எழுந்து வரமாட்டார். சினிமாவுக்குப் போனால், படம் முடிந்து, பெயர்கள் எல்லாம் ஓடி, திரை வெள்ளையாகி, கூட்டிப் பெருக்குகிற அம்மா வந்து "காலைத் தூக்குங்க" என்று சொல்லும்வரை உட்கார்ந்திருப்பார். பல் பிடுங்கப் போனவர், பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவர் கையை விட்டு ஒரு நாணயம் போனால் அதற்குப் பிரிவு உபசார விழாவே நடக்கும். எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். கடையில் எரிவது ஒரே ஒரு பல்பு. அதுவும் வாங்க வந்தவருக்குச் சோதித்துக் காட்டுகிற பல்பு. அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டால் மறுபடி இருட்டு.

நான் பஸ் டிரைவராக இருந்தவன். ஓய்வு பெறும்வரை என் பஸ் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். ஒருநாளும் ஏறியதில்லை. டிக்கெட் எடுக்கணுமே! மழையானாலும் வெயிலானாலும் கடைக்கு நடைதான், வீட்டுக்கு நடைதான். நான் ஹாரன் அடித்துக் கூப்பிட்டால், "நீங்க மெதுவா வாங்க மச்சான், எனக்கு அவசரம்" என்பார். நான் சிக்னலில் நிற்கிற நேரத்தில் உண்மையிலேயே முன்னால் போய்விடுவார்.

அந்த நடைதான் அவரை மாட்டிவிட்டது. செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஊரில் மாரத்தான், இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால் கட்டணத்தில் பாதி. ஓட்டம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர், 'பாதி' என்ற சொல்லைக் கண்டதும் சொக்கிப்போனார். அதிலும் ஒரு சாமர்த்தியம். அரை மாரத்தானுக்கும் முழு மாரத்தானுக்கும் கட்டணத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம். தூரமோ இரண்டு மடங்கு. அள்ளிக் கொடுக்கும்போது கிள்ளி வாங்குவானேன் என்று முழுசாகவே வாங்கிவிட்டார்.

தங்கை எனக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணே, உங்க மாப்பிள்ளை ஓடப்போறாராம்."

"யாரு கூட?"

"அட, அந்தப் புண்ணியத்தையாவது பண்ணித் தொலைக்கலாமே. மாரத்தானாம். ஒரு மாச மளிகைக் காசைக் கட்டிட்டு வந்து பல்லைக் காட்டிட்டு நிக்கிறாரு. நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லுங்க."

போனேன். சொன்னேன். "மாப்பிள்ளை, போன காசு போகட்டும். தங்கச்சி பயப்படுறா. இந்த வயசுல எதுக்கு?"

"போகட்டுமா? கட்டின பணம் திரும்பத் தரமாட்டாங்களாம் மச்சான். எழுதியே போட்டிருக்கான். அவன் தரலைன்னா நாமதானே போய் எடுத்துக்கணும்?"

"என்னத்தை எடுப்பீங்க? ரோட்டையா?"

"என்னென்ன குடுக்குறானோ, அத்தனையும்."

மார்பில் குத்திக்கொள்கிற எண் அட்டையை வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகமாக எல்லாவற்றையும் ஒப்பித்தாள். வழிநெடுக மேஜை போட்டுத் தண்ணீர், வாழைப்பழம், கரைத்துக் குடிக்க உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பொட்டலம், முடித்தவர்களுக்கு மெடல், சட்டை, சாப்பாட்டுப் பெட்டி, ஓரமாக ஒரு டாக்டர், ஒரு ஆம்புலன்ஸ்.

"எல்லாம் கட்டணத்துலயே அடக்கமாம்மா?"

"ஆமா சார்."

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாமா?"

"தண்ணி எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம் சார்."

அவர் முகத்தைப் பார்க்கணுமே! புதையல் இருக்கும் இடத்துக்கு வழி தெரிந்தவர் மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்ததும் ஒரே ஒரு குறை சொன்னார். "அந்த ஆம்புலன்ஸ்தான் மச்சான் நமக்கு நஷ்டம். அதுக்கும் சேர்த்துத்தானே வாங்கியிருப்பான்? நமக்கு எதுக்கு ஆகப்போகுது?"

ஓட்டத்தன்று கடைசியில் ஒரு பஸ் ஊர்ந்து வரும். நேரத்துக்குள் முடிக்க முடியாமல் பின்தங்குகிறவர்களை ஏற்றிக்கொள்வதற்காக. ஓடுகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'பொறுக்கு வண்டி'. அதை ஓட்ட ஆள் தேடினார்கள். விடுவேனா நான்? காலமெல்லாம் என் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிற ஜனங்களைக் கண்ணாடியில் பார்த்தவன். பஸ்ஸுக்குப் பயந்து முன்னால் ஓடுகிற ஜனங்களைப் பார்க்கும் பாக்கியம் எத்தனை டிரைவருக்குக் கிடைக்கும்! தங்கையையும் கூட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் துண்டு, அவருடைய செருப்பு, ஒரு பாட்டில் தண்ணீர் சகிதம் உட்கார்ந்துகொண்டாள்.

வானம் மூடிக் கிடந்தது. குளிர்காற்று. வியர்வை வருகிற நாளே இல்லை அது. மற்றவர்கள் எல்லாம் பறந்துபோன பிறகு, கடைசி ஆளாக, பஸ்ஸுக்கு முன்னால், கடைக்குப் போகிற அதே நடையில் வசூல் நடந்துகொண்டிருந்தார்.

முதல் மேஜை வந்தது. ஒரு கோப்பை குடித்தார். இன்னொன்று குடித்தார். மேஜையில் ஊற்றி வைத்திருந்த வரிசையே காலியாகும்வரை நகரவில்லை. பொடிப் பொட்டலத்தை நீட்டினார்கள். வாங்கி டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டார். "இதைத் தண்ணில கலந்து குடிக்கணும் சார்" என்றான் கொடுத்தவன். "தெரியும், தெரியும்" என்றவர் பஸ் பக்கம் திரும்பி, "கடைல இது என்ன விலை தெரியுமாடி? வீட்டுல இருந்தா அவசரத்துக்கு ஆகும்" என்றார்.

அடுத்த மேஜையிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதே. கோவில் யானை தோற்றுப்போகும், அப்படிக் குடித்தார். விட்டால் ஊர் ஏரியை உறிஞ்சி முடித்துவிட்டு, மீனுக்கும் சேர்த்துக் கணக்குக் கேட்டிருப்பார். ஒரு மேஜையில் இருந்த பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"தாகம் இருந்தா மட்டும் குடிங்க சார். ரெண்டு வாய் போதும்."

"ஏம்மா, உங்கப்பன் வீட்டுத் தண்ணியா? கட்டணம் கட்டியிருக்கேன்."

அவள் அடுத்த கோப்பையை நீட்டினாள். பை நிறையப் பொட்டலங்கள் சேர்ந்து, அவர் நடக்கும்போது இரண்டு தொடையும் சலசலத்தன.

இதற்குள் பஸ்ஸில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பேங்க் கிளார்க், குண்டாக, சோகமாக ஏறி உட்கார்ந்தார். அப்புறம் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. யாரால் தோற்றோம் என்று சண்டை போட்டுக்கொண்டே ஏறியது. மூவரும் முன்னால் போகிற வசூலைப் பார்த்துப் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள்.

"அடுத்த மேஜைல ஏறிடுவாரு" என்றார் கிளார்க்.

"எங்க மாப்பிள்ளையா? அடுத்த மேஜையையே தூக்கிட்டுப் போவாரு, பாருங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. தங்கை சிரிக்கவில்லை.

பாதி தூரம் தாண்டியதும் அவர் கைக்கடிகாரத்தின் வாரைத் தளர்த்தினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு துளைக்கு மாற்றினார். கடைசியில் கழற்றி ஜன்னல் வழியாகத் தங்கையிடம் கொடுத்தார். விரல்கள் பலூன் மாதிரி இருந்தன.

"என்னங்க, கை இப்படி வீங்கியிருக்கு?"

"உடற்பயிற்சிடி. பாத்தியா, ஒரே நாள்ல உடம்பு தேறிடுச்சு."

அடுத்த திருப்பத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வெறும் தண்ணீர். தங்கை இறங்கி ஓடினாள். நானும் பஸ்ஸை நிறுத்தினேன்.

"போதும், ஏறுங்க. கெஞ்சிக் கேக்குறேன். தலையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"தலைதான் லேசா இடிக்குது. இப்ப ஏறினா மெடல் போச்சு, சட்டை போச்சு, சாப்பாடு போச்சு. முக்காவாசி வந்தாச்சு, நீ வேற."

"மெடலை நான் வாங்கித் தரேன், வாங்க."

"பாருங்க மச்சான் உங்க தங்கச்சியை. சும்மா கிடைக்கிறதைக் காசு குடுத்து வாங்கித் தராளாம்."

அதற்குள் பஸ்ஸில் இருந்த எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டோம். "உடம்புல தண்ணி வத்திப்போச்சு" என்றார் கிளார்க். "ஆமா, வாந்தில எல்லாம் வெளியே போயிருக்கும்" என்றாள் புதுப்பெண். வழியில் நின்ற தொண்டர் பையன் ஒருவன் ஓடிவந்து, "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்று கத்தினான். தங்கை தான் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி முழுசையும் புகட்டினாள். வசூல் மிச்சம் வைக்கவில்லை.

முடிக்கிற கோட்டை அவர் தாண்டியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சட்டை கொடுக்கிற இடத்தில், இருப்பதிலேயே பெரிய அளவைக் கேட்டார். துணி அதிகம் அல்லவா! சாப்பாட்டு மேஜையை மூடப்போனவரிடம் நின்று பெட்டியை வாங்கினார். திறந்துகூடப் பார்க்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, என் பஸ்ஸில் ஏறினார். அவர் என் பஸ்ஸில் ஏறியது அதுதான் முதல் தடவை.

நான் ஒரு சலாம் போட்டேன். "வாங்க மாப்பிள்ளை! என்ன, போட்ட காசு தேறிடுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். யாரோ வழிப்போக்கனைப் பார்க்கிற பார்வை. பிறகு குனிந்து, சாக்ஸுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு பெரிய நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கண்டக்டர், ரெண்டு டிக்கெட் குடுங்க. மீதியை நீங்களே வச்சுக்குங்க."

பேங்க் கிளார்க் விழுந்து விழுந்து சிரித்தார். புதுமாப்பிள்ளை கை தட்டினான். நான் திரும்பித் தங்கையைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். அவளோடு அத்தனை வருஷம் வாழ்ந்த மனிதரின் வாயில் 'மீதியை வச்சுக்குங்க' என்ற வார்த்தை அதுவரை வந்ததில்லை.

"அண்ணே," என்றாள், "இது அவரு இல்ல. டாக்டரைக் கூப்பிடுங்க."

நான் கதவை நோக்கித் தாவுவதற்குள் சாப்பாட்டுப் பெட்டி கீழே விழுந்தது. அவர் உடம்பு முறுக்கிக்கொண்டு, சீட்டின் கம்பியில் மெடல் டங் டங்கென்று அடித்தது. சிரிப்பு அறுந்துபோயிற்று. வேண்டாம், நஷ்டம் என்று அவர் சொன்ன அந்த ஆம்புலன்ஸ் வந்தது. அதையும் விட்டுவைக்காமல் வசூல் பண்ணிவிட்டுத்தான் போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா எங்களை ஓரமாக உட்காரவைத்துச் சொன்னார். உடம்பு தாங்குகிற அளவைத் தாண்டித் தண்ணீர் போய்விட்டது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்கிவிட்டது. வேகமாக ஓடுகிறவர்களைவிட, மெதுவாகப் போய் நின்று நின்று குடிக்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து.

"வெறும் தண்ணியாவே குடிச்சாரா? உப்புப் பொடி எதுவும் குடுக்கலையா அங்க?"

"குடுத்தாங்க" என்றேன்.

"வாந்தி எடுத்தப்புறம் யாராவது தண்ணி குடுத்தீங்களா?"

தங்கை வாயைத் திறந்தாள். அவளை முந்திக்கொண்டு, "எல்லாரும் குடுத்தோம்" என்றேன் நான்.

மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தார். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மெடல், பிரிக்காத பெரிய சட்டை, எண் அட்டை. அதற்கு அடியில் பொட்டலங்கள். ஒன்றுகூடக் கிழியாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. பெட்டிக்கடை வைக்கலாம், அவ்வளவு.

எல்லாம் முடிந்து, வந்த சனங்களும் போய்விட்ட பிறகு, வீட்டில் நானும் தங்கையும் மட்டும் இருந்தோம். அவளுக்கு அன்றிலிருந்து வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கண் இருட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். உட்காரவைத்தேன்.

"ஏதாவது குடி தாயி. டீ போடட்டுமா?"

"வேணாம்ணே. அந்தப் பையை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு பல்லால் கிழித்து, டம்ளர் தண்ணீரில் கொட்டி, விரலால் கலக்கினாள். உள்ளே ஒட்டியிருந்த பொடியையும் தட்டித் தட்டிப் போட்டாள்.

"அதையே ஏம்மா குடிக்கிறே?"

"காசு குடுத்து வாங்கினதுண்ணே. வீணாப் போகக் கூடாதுல்ல."

முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். முடித்ததும் டம்ளரை வாய்க்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை அப்படியே வைத்திருந்தாள்.