நேப்பிள்ஸில் தவறிய கப்பல்

ஷிராணி எதற்கும் பிந்திப் பழக்கமில்லாதவள். கண்டியில் அவள் வேலை பார்த்த காப்புறுதிக் கம்பனிக் கிளையில், காலையில் பூட்டைத் திறப்பது பெரும்பாலும் அவள்தான். அம்பிட்டியவிலிருந்து வரும் பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் இறங்கி நடந்தே வந்துவிடுவாள். அப்பா பஸ்தியாம்பிள்ளை பக்கவாதம் வந்து மூன்று வருஷம் கட்டிலோடு கிடந்தபோதுகூட, இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, விடியற்காலையில் கழுவித் துடைத்துவிட்டு, நேரத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். அவர் இறந்து ஒரு வருஷம் ஆன பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. ஓடுவதற்குக் காரணம் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டிருந்தாள்.

தம்பி ரொனி இத்தாலியில், ஜெனோவாவில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். ஒருநாள் அவன் போன் எடுத்து, அம்மாவுக்கும் அக்காவுக்கும் மத்தியதரைக் கடலைச் சுற்றும் கப்பலில் இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னான். கோடை காலத்தில் அவனுக்கு லீவு கிடைக்காது. ஏற்றிவிடவும் இறக்கிக்கொள்ளவும் மட்டும் வருவானாம்.

"அம்மாவுக்கு ஒரு மாறுதலா இருக்கும் அக்கா. தனியா விட முடியாது. நீங்க கூடப் போங்க" என்றான்.

ஷிராணிக்கு ஓடுவதற்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்துவிட்டது. விசா எடுத்தாள், அம்மாவின் பிரஷர் குளிசைகளைக் கிழமை வாரியாகப் பிரித்தாள், ஒவ்வொரு துறைமுகத்திலும் எதைப் பார்ப்பது, எப்போது திரும்புவது என்று போனில் பதிந்துகொண்டாள். அம்மா பியட்றிஸ் கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வராமலிருக்கத் தேசிக்காயை மோந்துகொண்டே பயணம் செய்பவள். கப்பலில் என்ன பாடு படப்போகிறாளோ என்று ஷிராணி பை நிறைய மருந்து எடுத்துக்கொண்டாள்.

கப்பல் ஜெனோவாவை விட்டதும் வாந்தி எடுத்தது ஷிராணிதான். பியட்றிஸ் மகளின் தலையைப் பிடித்துவிட்டு, அவள் படுத்ததும் மேல்தளத்துக்குப் போய் இரண்டு தட்டுச் சாப்பிட்டு வந்தாள்.

நேப்பிள்ஸ் வந்த காலையில் ஷிராணி தொப்பியோடும் தண்ணீர்ப் போத்தலோடும் தயாராக நின்றாள். பியட்றிஸ் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கி நான் எறங்கல."

"ஏம்மா? கால் வலிக்குதா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் எறங்கிப் போனதும் கப்பல் எப்பிடி இருக்குமின்னு பாக்கணும்."

"நேப்பிள்ஸ் பாக்காம கப்பலப் பாக்கப் போறீங்களா?"

"நேத்து உரோமாபுரி பாத்தாச்சு. பாப்பரசர் இருக்கிற இராயப்பர் கோயில் கும்பிட்டாச்சு. நீ என்னயத் தேர் மாதிரி இழுத்துக்கிட்டுப் போன. இன்னைக்கி தேர் ஓடாது."

ஷிராணிக்குக் கோபம் வந்தது. எவ்வளவு யோசித்து ஒழுங்கு பண்ணியிருந்தாள். "சரி, இருங்க. குளிசை மறக்க வேணாம். யார் வந்து கேட்டாலும் பாஸ்போட்டக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தனியே இறங்கினாள்.

கோபத்தில் வேகமாக நடந்ததில், பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் மத்தியானத்துக்குள்ளேயே முடிந்துவிட்டன. கடைசியாக, மலையில் ஏறும் குட்டி ரயிலைப் பிடித்து உச்சிக்குப் போனாள். அங்கே ஒரு மதில், மதிலை ஒட்டி மர நிழலில் உட்கார ஒரு கல் வாங்கு. கீழே நகரம் முழுவதும் செங்கூரைகளாகக் கிடந்தது. அதற்கப்பால் குடாவும், துறைமுகத்தில் வெள்ளையாக அவர்களுடைய கப்பலும். அம்மா இல்லாததால் யாருடைய கையையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. யாருக்கும் தாகமா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாங்கில் சாய்ந்து உட்கார்ந்தாள். கடலிலிருந்து காற்று வந்தது.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கீழே ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் மெதுவாகத் திரும்பிக் குடாவை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகாகப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் அது தன் கப்பல் என்று புரிந்தது.

ரயிலுக்குக் காத்திராமல் படிகளில் ஓடினாள். துறைமுகத்தில் கப்பல் முகவரின் அலுவலகத்துப் பெண் ஒருத்தி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வழக்கமாக, திரும்பி வராதவர்களின் பாஸ்போட்டைக் கப்பல்காரர்கள் எடுத்துத் தரையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம். ஷிராணியின் பாஸ்போட்டைக் கேட்டு அறைக்குப் போனபோது, அங்கிருந்த அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றுவிட்டாராம்.

ஷிராணி ரொனிக்குப் போன் எடுத்தாள். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்தது. அந்தப் பக்கம் ரொனி சிரித்தான்.

"சிரிக்காதடா. அம்மா தனியா இருக்காங்க. இங்கிலீசும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"கப்பலுக்கு எடுத்து நான் பேசுறேன். நாளைக்கிக் காலையில கப்பல் பலெர்மோவுக்குத்தான் போகுது. அங்கருந்து இப்ப ஒரு ஃபெரிக் கப்பல் போகும், டிக்கட் போட்டு அனுப்புறேன். போன்ல இருக்கிற பாஸ்போட் படத்தக் காட்டுங்க." கொஞ்சம் நிறுத்தினான். "எப்பிடிக்கா விட்டீங்க?"

"தூங்கிட்டேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "அக்கா, இந்தப் பயணத்தக் கேட்டதே அம்மாதான். 'அவ ஒழுங்காத் தூங்கி நாலு வருஷமாச்சு, எங்கயாவது கூட்டிட்டுப் போகணும், பயணம் எனக்கின்னு சொன்னாத்தான் அவ வருவா'ன்னாங்க."

ஷிராணி போனை வைத்துவிட்டுப் பாஸ்போட் படத்தைத் தேடி எடுத்தாள்.

ஃபெரியில் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அடுத்த வரிசையிலிருந்த நடுவயது மனிதர் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி தமிழோ? என்ன பிரச்சினை?"

அவர் திருச்செல்வம், யாழ்ப்பாணம், பலெர்மோவில் குடும்பத்தோடு இருபது வருஷமாக இருப்பவர். கதையைக் கேட்டு, நேப்பிள்ஸில் தன் தம்பி வீட்டில் கட்டித் தந்த புட்டுப் பார்சலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஓம், அந்தக் கப்பலும் அங்கதான் வருது. ஆனா நாங்கள் வெள்ளனப் போயிடுவம். அது வரேக்க நீங்கள் கரையில நிண்டு கை காட்டலாம். சாப்பிடுங்கோ. நாளைக்கு மத்தியானம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டை வாங்கோ."

அப்படியே நடந்தது. காலையில் கப்பல் கரைக்கு வந்தபோது ஷிராணி துறைமுகத்தில் நின்று ஒவ்வொரு தளத்திலும் அம்மாவின் முகத்தைத் தேடினாள். அழுது வீங்கிய முகமாக இருக்கும் என்று நினைத்தாள். காணவில்லை. உள்ளே போனால் அறையில் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை, ஆஸ்பத்திரி அறையிலும் இல்லை. மேல்தளத்துக்கு ஓடினாள். அங்கே வெந்நீர்த் தொட்டியில் இரண்டு இத்தாலியக் கிழவிகளுக்கு நடுவே, கழுத்து வரை நுரைக்குள், நீட்டுக் கவுனோடு பியட்றிஸ் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா. சாப்பிட்டியா?" என்றாள்.

ஷிராணி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "நீங்க பயந்திருப்பீங்கன்னு நான் அங்க செத்துப் பொழச்சேன்."

"பயந்தேன்தான். ரொனி அறைப் போனுக்கு எடுக்கிற வரைக்கும் செபமாலையும் கையுமா இருந்தேன். இவங்க ரெண்டு பேரும் கூடவே ஒக்காந்திருந்தாங்க. அவங்க சொல்றது எனக்குப் புரியல, நான் சொல்றது அவங்களுக்குப் புரியல. ஆனா செபமாலைக்கு எல்லாருக்கும் கணக்கு ஒண்ணுதானே." பியட்றிஸ் தண்ணீரிலிருந்து கையை எடுத்து மகளின் முழங்காலில் வைத்தாள். "தூங்கிட்டியாமே. ரொனி சொன்னான்."

"ம்."

"நல்லாத் தூங்கினியா?"

ஷிராணி நிமிர்ந்து பார்த்தாள். திட்டு வாங்கத்தான் தயாராக வந்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. இத்தாலியக் கிழவிகளில் ஒருத்தி தன் துவாயை எடுத்து நீட்டினாள்.

மத்தியானம் தாயும் மகளும் திருச்செல்வத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி கணவாய்க் கறி வைத்திருந்தார். பியட்றிஸும் அந்தப் பெண்ணும் அடுப்படியில் நின்று, ஒருத்தி 'வாங்க' என்றும் மற்றவர் 'வாங்கோ' என்றும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஷிராணி பல்கனிக் கதிரையில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்தாள். போன் பைக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் திருச்செல்வம்தான் வந்து, "தங்கச்சி, இண்டைக்கும் விட்டா ஃபெரி இந்தக் கப்பலுக்குப் பின்னால ஓடாது" என்று எழுப்பிவிட வேண்டியிருந்தது.

அம்பிட்டியவுக்குத் திரும்பிய மறுநாள் பக்கத்து வீட்டு பாயிஸா தேத்தண்ணி குடிக்க வந்தாள்.

"பியட்றிஸ் அக்கா, கடல் எப்பிடி ஈந்திச்சு?"

"கடல் பரவால்ல. சோறுதான் கொழஞ்சு போச்சு."

"புள்ளய நல்லா பாத்துக்கிட்டீங்களா?"

"எங்க? நேப்பிள்ஸ்ல விட்டுட்டுப் போயிட்டேன். அவளாத்தான் வந்து சேந்தா."

உள்ளறையில் படுத்திருந்த ஷிராணிக்கு இது கேட்டது. திங்கட்கிழமை, நேரம் எட்டரை. லீவில் இன்னும் ஒருநாள் மிச்சமிருந்தது. கிளையின் பூட்டை யார் திறந்திருப்பார்கள் என்று ஒருமுறை யோசித்தாள். யாராவது திறந்திருப்பார்கள். போர்வையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.