ஊசியக்காவின் கார்புரேட்டர் வேட்டை

ஊசியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருநூற்றுச் சொச்சம் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவள் என்பதால் அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாளடைவில் வீட்டுக்கும் வந்துவிட்டது. கட்டியவரே சில சமயம் வாய் தவறி "ஊசி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

ஆறு வருடத்துக்கு முன்னால், இடித்துக்கொண்டிருந்த ஒரு மில்லின் பின்கொட்டகையில் அவள் அந்தக் காரைப் பார்த்தாள். எண்பது வயதைத் தாண்டிய கறுப்புக் கார். சீட்டில் கோழி முட்டையிட்ட அடையாளம், கரையான் தின்ற கதவுச் சட்டம், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல். அதைச் செய்த கம்பெனி மூடி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பழைய இரும்புக்குப் போக இருந்ததை மறித்து, லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கினாள். அவள் கணவர் பஸ் டிரைவர். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது ஓடுகிற சாதி இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு துரு சுரண்ட உட்கார்ந்தது அவர்தான்.

ஆறு வருடத்தில் எல்லாம் கூடிவந்தது. கதவுச் சட்டத்தைத் தச்சர் புதிதாக இழைத்துக் கொடுத்தார். சீட்டை அவளே தைத்தாள். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை: கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற அந்தக் கையகலச் சாமானை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேறொன்றைப் பொருத்திப் பார்த்தாள். சமதளத்தில் ஓடிய கார், ஏற்றத்தைக் கண்டால் இருமியது. வருடாவருடம் நடக்கும் பழைய கார்களின் மலையேற்றத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே இன்ஜின் சாமான் ஒவ்வொன்றும் அசலாக இருக்க வேண்டும் என்பது விதி.

"கல்யாணத்துக்கு எல்லாம் ரெடி, மாப்பிள்ளைதான் இன்னும் கிடைக்கல, இல்லையா அண்ணி?" என்பாள் நாத்தனார். பக்கத்துத் தெருவில் இருந்த அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஊசியக்கா பழைய சாமான் சந்தைகளைச் சல்லடை போட்டுச் சலித்தாள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் எழுதினாள். ஒருவன் இதோ அசல் என்று ஒன்றை அனுப்பினான். அவள் அதைச் சாவியால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே பிடித்தாள். வெண்கலம் பாடும், இது ஊமையாக இருந்தது. வெறும் அலுமினியத்துக்கு மேலே பூச்சு. திருப்பி அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அலுத்துப்போய், நூறு முறை புரட்டிய பழைய கையேட்டை மறுபடி புரட்டினாள். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. இதே இன்ஜின் படகுகளுக்காகவும் தயாரிக்கப்படுகிறது என்றது அது. இத்தனை வருடம் கண்ணில் பட்டும் கருத்தில் படாத வரி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன் மேலேயே கோபமும் வந்தது. தண்ணீரில் இருப்பதைத் தரையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அதற்குப் பிறகு விடுமுறை நாள்களெல்லாம் ஆற்றங்கரையிலேயே கழிந்தன. துணைக்கு நாத்தனார் வந்தாள். கேலி செய்வதில் மட்டுமல்ல, முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுப்பதிலும் அவள் கெட்டிக்காரி. எந்தத் துறையில் எந்தப் படகு, எத்தனை வருடப் பழசு என்று பத்து நிமிடத்தில் கறந்துவிடுவாள். ஐந்தாவது துறையில், கண்ணுக்குப் படகு தெரியும் முன்னே ஊசியக்கா நின்றுவிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தன் வாசலில் தினமும் கேட்கிற சத்தம்.

அது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகு. படகுக்காரர் நரைத்த மீசைக்காரர், அளந்து பேசுகிறவர். இன்ஜினைப் பார்க்கலாமா என்று கேட்டதும் மூடியைத் தூக்கிக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்குக்குள்ளே, கையேட்டில் இருந்த அதே முட்டை வடிவ முத்திரை, அதே எண். ஊசியக்கா புடவைத் தலைப்பால் ஒரு மூலையைத் துடைத்தாள். வெண்கலம் மஞ்சளாகச் சிரித்தது.

விஷயத்தைச் சொன்னாள். என்ன கேட்டாலும் தருவதாகச் சொன்னாள். நாத்தனாரும் தன் பங்குக்குப் பேசிப் பார்த்தாள். படகுக்காரர் தலையை ஆட்டினார்.

"முடியாதும்மா. இது நின்னா அக்கரையில இருக்கிற பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்ல. வயித்துவலின்னா ஆஸ்பத்திரி இல்ல. உங்க கார் ஓடணும்கிறதுக்காக என் படகை நிறுத்த முடியுமா?"

ஊசியக்கா, கேட்டது தப்பு என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு தடவை அக்கரை போய் வருகிறோம் என்று ஏறி உட்கார்ந்தாள். நடு ஆற்றில் இன்ஜின் திணறியது. படகுக்காரர் குனிந்து, ஒரு துணியைச் சுருட்டிக் கார்புரேட்டரின் வாயைப் பாதி அடைத்தார். முக்கி முனகி இன்ஜின் சமாளித்தது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

"எத்தனை வருஷமாண்ணே இப்படி?"

"எட்டு வருஷம் இருக்கும். அதுக்கு அது ஒரு பழக்கம்."

"பழக்கம் இல்லண்ணே, நோய். உள்ள தண்டு தேஞ்சிருக்கு, மிதவையில ஓட்டை. நான் வேற ஒண்ணு மாட்டித் தரேன். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா பழசையே திரும்ப மாட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் கேட்கவே மாட்டேன்."

படகுக்காரர் படகை அக்கரையில் சேர்த்தார். கயிற்றைக் கட்டிய பிறகு, ஒரு நடைகூட நிற்கக் கூடாது என்றார். மத்தியானம் படகு ஓய்வெடுக்கிற இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு.

அன்றே அட்டையில் துளைகளின் அளவை வெட்டி எடுத்துக்கொண்டாள். புதுக் கார்புரேட்டர் பழைய இன்ஜினில் உட்கார நடுவே ஒரு தகடு வேண்டும். மேலாளரிடம் அனுமதி வாங்கி, தொழிற்சாலைக் கடைசல் இயந்திரத்திலேயே அதைக் கடைந்தாள்.

அடுத்த வாரம் வெயில் உச்சிக்கு வந்தபோது வேலையைத் தொடங்கினாள். பழசு கழன்றது, தகடு உட்கார்ந்தது, புதுசு ஏறியது. ஆனால் இன்ஜின் உறுமிவிட்டு அணைந்தது. மறுபடியும் அதே. கரையில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். படகுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசியக்கா தகட்டின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, இன்ஜினைச் சுழற்றச் சொன்னாள். ஒரு பக்கத்தில் நுரை சட்டென்று உள்ளே இழுபட்டது. காற்று புகுகிறது. இடையில் வைத்த அட்டை மெல்லிசு. அதைவிடத் தடிப்பாக ஏதாவது வேண்டும். ஆற்றங்கரையில் எங்கே போவது?

நாத்தனார் தன் கைப்பையைப் பார்த்தாள். அசல் தோல் என்று மூன்று வருடமாகத் தெருவெல்லாம் பெருமை பேசிய பை. அதன் மூடியைக் கத்தரியால் வெட்டி நீட்டினாள்.

"என்ன பாக்குறீங்க அண்ணி? துளை போடுங்க, நேரமாகுது."

தோலை வெட்டி, எண்ணெயில் நனைத்து, வைத்து முடுக்கினாள். இன்ஜின் முதல் சுழற்றலிலேயே பிடித்துக்கொண்டது. படகு ஆள் நிறைய அக்கரை போய்த் திரும்பியது. படகுக்காரரின் துணி அவர் தோளிலேயே கிடந்தது.

சொன்ன வாரம் முடிந்து அவள் போனபோது, பழைய கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவித் துண்டில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்டாள். புதுசு ஒன்று மாட்டிக் கொடுத்தாயே, அது போதாதா என்றார். "எட்டு வருஷமா நடு ஆத்துல இருந்த பயம் போச்சும்மா. எடுத்துட்டுப் போ."

தேய்ந்த தண்டுக்குப் புது உறை கடைந்தாள். மிதவையின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தாள். பொருத்திய அன்று தெருவே வாசலில் நின்றது. கார் இருமவில்லை, பூனை போலச் சீராக உறுமியது. அவள் கணவர் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மலையடிவாரத்தில் இருபத்தேழு கார்கள். சோதிக்க வந்தவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து, முத்திரையைப் பார்த்து, எண்ணை இரண்டு முறை படித்தார். இந்த மாடலில் அசல் கார்புரேட்டரோடு ஒரு வண்டியைத் தான் பார்ப்பது இதுதான் முதல் தடவை, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். ஆற்றில் என்றாள் ஊசியக்கா. அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

ஏற்றம் பதினெட்டு வளைவு. பளபளவென்று இருந்த இரண்டு கார்கள் ஏழாவது வளைவில் ஆவி கக்கி நின்றன. ஊசியக்கா இரண்டாவது கியரில், அவசரப்படாமல், ஒவ்வொரு வளைவாக விழுங்கிக்கொண்டு ஏறினாள். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருக்க, பின்சீட்டில் நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நின்ற வண்டிக்காரர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாள். உச்சியில் கைதட்டல் கேட்டபோதுதான், தன் கன்னம் நனைந்திருப்பது ஊசியக்காவுக்குத் தெரிந்தது.

இறங்கும் நேரம் வந்ததும் கணவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். மலை இறக்கத்தில் பஸ் ஓட்டி இருபது வருடப் பழக்கம் தனக்கு உண்டு என்று நினைவூட்டிச் சாவிக்குக் கை நீட்டினார்.

"கீழ போறவரைக்கும் நான்தான்," என்றாள் அவள், கதவைச் சாத்திக்கொண்டு. "நாளைக்குக் கேளுங்க, யோசிக்கிறேன்."