தொட்டியில் நுரை இல்லை

"சோப்பு நுரைய வச்சு பாறைக்குள்ள இருக்கிற எண்ணெயத் தள்ளப் போறியாக்கும்? அப்ப எம் பொண்டாட்டி பாத்திரம் கழுவுற தண்ணியையும் கொண்டாரட்டுமா தாயி?" என்று முதல் நாளே கிணற்றுப் பணியாளர் டாயல் கேட்டார். அன்று பொறியாளர் மாரிசெல் சிரித்தாள். இன்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மேற்கு டெக்சாஸின் அந்தப் பழைய எண்ணெய் வயலுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கரியமில வாயுவைத் தனியாக இறக்கினால் அது பாறையில் சுலபமான வெடிப்பைப் பார்த்து ஓடி, எண்ணெய்க் கிணறு வழியாக மேலே வந்துவிடும். சோப்பு நீரோடு இறக்கினால் நுரையாகித் தடிக்கும். வெடிப்பை அடைத்து, சந்துபொந்தெல்லாம் நுழைந்து எண்ணெயைத் தள்ளும். வாயுவில் பெரும்பங்கு பூமிக்குள்ளேயே தங்கிவிடும். அப்படிச் சொல்லித்தான் அவள் தலைமை அலுவலகத்தில் சம்மதம் வாங்கியிருந்தாள். பலிக்காவிட்டால் வயலை மூடிவிடுவார்கள். அவளாவது வேறு ஊர் பார்த்துக்கொள்வாள். காலமெல்லாம் இந்தக் கிணறுகளையே சுற்றிவந்த டாயலை இந்த வயதில் யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்?

சோப்பு நீரோடு இறக்கியும் வாயு பழையபடியே மேலே வந்துகொண்டிருந்தது. புழுதிக் காற்றில் கண் எரிய, கீழே இறங்கும் குழாயிலிருந்து ஒரு பாட்டில் சோப்பு நீர் பிடித்துக் குலுக்கினாள். ஆறிப்போன காப்பி மாதிரி கிடந்தது. இன்னொரு பாட்டில் குடிநீரில் அதே சோப்பை விட்டுக் குலுக்கினாள். பொங்கி வழிந்தது.

கொட்டகையில் டாயல் பரிட்டோ ரொட்டிச் சுருளைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"டாயலண்ணே, எண்ணெயையும் தண்ணியையும் பிரிக்கிற தொட்டியில ஏதாச்சும் ஊத்துறீங்களா?"

"ஊத்தாம? உன் சோப்பு வந்ததுலேர்ந்து அடுப்புப் பாலாட்டம் பொங்குது. நுரையடக்கி மருந்த ரெண்டு மடங்கா ஊத்துறேன். தொட்டியில நுரைய விட்டவன் கிணத்துக்காரனா? உன் பேரு கெட்டுடக் கூடாதுல்ல."

"அந்தத் தண்ணியிலதானே சோப்பக் கலந்து திரும்பக் கீழ அனுப்புறோம்."

அவள் இரண்டு பாட்டில்களையும் மேசைமேல் வைத்தாள். டாயலின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எதிர்ப்பக்கம் மேலாளர் க்ரெய்க். போனை ஒலிபெருக்கியில் விட்டு மேசைமேல் வைத்தாள்.

"நுரை கீழ போறதுக்கு முன்னாடியே செத்துருச்சு க்ரெய்க். மருந்த நிறுத்திட்டு இன்னொரு தரம் பாக்கலாம்."

"காசு குடுத்து நுரைய வாங்கி, காசு குடுத்து அதைக் கொன்னுருக்கீங்க. போதும் மாரிசெல். மூடிரலாம்."

போன் அடங்கியது. வெளியே காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"உங்க தப்பில்லண்ணே. இங்க நுரை பகையில்லன்னு நான்தான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

டாயல் பரிட்டோவை மறுபடி தாளில் சுற்றினார். மருந்து அறைச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி, நுரை இன்னும் வடியாமல் நின்ற பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, காற்றில் கதவு அறைந்துவிடாமல் பிடித்து மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.