ஒரு ஓம், இரண்டு ஓம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் ஸ்பாவுக்காக நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் அந்தப் பொய் இருந்தது. கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தவமலர் என்றொரு பெண் இருந்தாள். எனக்குத் தெரிந்த ஒருவரின்

வெட்டிவிட்டேன். தவமலர் என்று யாருமில்லை. அவள் பெயர் பெனிற்றா, என் சொந்தத் தங்கச்சி. கூடப்பிறந்தவளுக்கு முகமூடி மாட்டிவிட்டுக் கதை எழுத வெளிக்கிட்ட ஆள் நான். என்னத்தைச் சொல்ல!

2

பெனிற்றா ஜேர்மனியில் மசாஜ் படித்தவள். பிறகு லண்டனுக்கு வந்து அந்த ஸ்பாவில் சேர்ந்தாள். களைத்து வரும் பயணிகளுக்கு அங்கே 'ஹவாய் மரபுச் சிகிச்சை' என்று ஒன்று உண்டு. லோமிலோமி என்று பெயர். எண்ணெய் பூசி, முன்கையால் அலை அடிப்பதுபோல நீளமாக நீவிவிடுவது. இரண்டு நாள் பயிற்சியில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

[இரண்டு நாள் என்பது நக்கலாகக் கேட்கிறது. என் முதுகுப் பிடிப்பை எடுத்தது அவளுடைய கைதான். அதையும் எழுதிவிடுகிறேன்.]

ஒருநாள் இடைவேளையில் என் மனைவியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, "ஓம்... ஓம்... ஓம்..." என்று. ஸ்பா மனேஜர் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரப் பெண்மணி. யாழ்ப்பாணத்தார் 'ஆமாம்' என்பதற்கு ஓம் போடுவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த மந்திரத்தை வருகிறவர்களுக்கும் சொல்ல முடியுமா என்று கேட்டாராம்.

பெனிற்றா எனக்குப் போன் எடுத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணை, மச்சாள் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிற விதம் சொன்னவ, நான் ஓம் போட்டனான். அது மந்திரமாம்! ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போறவள் நான்!"

சிரித்ததோடு நான் விட்டிருக்கலாம். அந்தத் துண்டுப்பிரசுரம் எழுதும் வேலையை எனக்கு வாங்கித் தந்ததே அவள்தான். அதில் எழுதினேன்: 'ஹவாய்த் தீவுகளின் பண்டைய ஓம் மந்திரத்துடன், பரம்பரை வைத்தியப் பெண்ணின் கைகளால்.'

"அண்ணை, இது கூடிப்போச்சு."

"ஆர் பாக்கப்போகினம்? விடு பிள்ளை."

3

பார்த்தவள் பெயர் நோஹெயா. ஹவாய்க்காரி, ஐம்பது வயதிருக்கும். லண்டனில் படிக்கும் மகளைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் விமானம் பிந்திவிட, அந்த ஹோட்டலில் தங்கினாள். துண்டை வாசித்து, தன் ஊர் ஆள் ஒருத்தியைக் காணலாம் என்ற ஆசையில் ஸ்பாவுக்குப் போனாள்.

[அந்த அறைக்குள் நான் இருக்கவில்லை. அவர்கள் பேசியது ஆங்கிலம். பெனிற்றா எனக்குப் போனில் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.]

பெனிற்றா கையில் எண்ணெய் எடுத்து, தயங்கித் தயங்கி "ஓம்" என்றாள். நோஹெயா தலையை நிமிர்த்தினாள்.

"அது எங்கட சொல் இல்லையே. உங்கட பாஷையில என்ன கருத்து?"

"'யெஸ்' எண்டு கருத்து."

பொய் சொல்ல அவளுக்கு வராது. அது என்னுடைய துறை.

நோஹெயா துவாயைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கோபிக்கவில்லையாம். தங்கள் வீட்டில் யாருக்காவது நோய் வருத்தம் வந்தால், உடம்பில் கை வைக்கமுன் எல்லாரும் கூடி இருந்து செபிப்பார்களாம். யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்பதை வெளியே எடுப்பார்களாம். பிழை செய்தவர் வாய்திறந்து மன்னிப்புக் கேட்டு, மற்றவர் விட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் எண்ணெயாம்.

"இஞ்ச எண்ணெய் மட்டும்தான் இருக்கு," என்றாளாம். போகும்போது பெனிற்றாவின் கையைப் பிடித்து, "ஆனா இது நல்ல கை," என்றும் சொன்னாளாம்.

4

நோஹெயா ஹோட்டலுக்குக் கடிதம் எழுதினாள். கையைப் புகழ்ந்தும் துண்டைக் கண்டித்தும். பெனிற்றா எனக்கு எடுத்தாள்.

"அண்ணை, மந்திரக் கதையை நான்தான் கட்டிவிட்டனான் எண்டு மனேஜர் ஒற்றைக்காலில நிக்கிறா. வேலை போகப்போகுது. நீங்கள் எழுதினதெண்டு அவவுக்கு ஒருக்காச் சொல்லுவியளோ?"

"ஓம், ஓம்," என்றேன்.

அடிக்குறிப்பு: சனிக்கிழமைகளில் ஹரோவில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். இந்த இலக்கணத்தை மட்டும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஓம் என்றால் சம்மதம். அடுத்தடுத்து இரண்டு என்றால், 'கேட்டது, இப்ப ஆளை விடு.'

மறுநாள் மனேஜர் என்னை அழைத்தார். நீயாகப் புனைந்ததா, உன் தங்கை சொன்னதா என்று கேட்டார். நான்

[இந்த வசனத்தை நான்கு தரம் தொடங்கிவிட்டேன். ஒரு வரைவில் 'தொடர்பு அறுந்தது' என்று எழுதினேன். இன்னொன்றில் 'மௌனமாக இருந்தேன்.' மௌனம் கதையில் நன்றாக எடுபடும். இரண்டும் பொய்.]

தங்கச்சி சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எனக்கு இன்னும் இரண்டு துண்டு எழுதத் தந்தார்கள். எழுதிக்கொடுத்தேன், வெட்கங்கெட்டவன்.

"உங்கள நம்பித்தானே, அண்ணை, இருந்தனான்," என்றாள். அதன் பிறகு பதினொரு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை.

5

முடிவு ஒன்று: பெனிற்றா சொந்தமாக மசாஜ் நிலையம் திறக்கிறாள். திறப்பு விழாவுக்கு நோஹெயா

சினிமா. வெட்டு.

முடிவு இரண்டு: நான் ரயிலேறி ஃபாரஸ்ட் கேட்டில் அவள் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறந்தவள் நான் நிற்கும் கோணலைப் பார்த்து, "முதுகு இன்னும் பிடிக்குதோ, அண்ணை?" என்கிறாள்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. அவள் சொல்லாததை அவள் சொன்னதாக எழுதிவிட்டு நானே அழுதுகொண்டிருக்கிறேன். துண்டிலும் மனேஜரிடமும் செய்தது இதைத்தான். வெட்டினேன்.

6

இன்று காலை மனேஜருக்கு எழுதி அனுப்பினேன்: மந்திரம் என் புனைவு, தங்கை தடுத்தும் எழுதினேன். இதனால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்காது. பிந்திவிட்டது.

பிறகு பெனிற்றாவுக்கு எடுத்தேன். எடுத்தாள். பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம்.

"பெனிற்றா, பிழை என்னில. நான்தான் பொய் சொன்னனான். மனேஜருக்கு உண்மையை எழுதிப்போட்டன். என்னை மன்னிப்பியோ?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். பிறகு பதில் சொன்னாள்.

ஒரு ஓமா, இரண்டா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், காதால் கேட்டவன் நான். உங்களுக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாயில் இனி நான் ஒரு சொல்லும் வைக்கமாட்டேன்.