காய்ந்தாலும் சாகாத புழு

விதைநெல் என்றால் முரசுமோட்டையில் யோகலிங்கத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொள்கிற ஆள்தான் அவரும். அறுபத்திரண்டாம் ஆண்டு காலபோக விளைச்சலில் அவருடைய நெல்லின் இலை நுனியெல்லாம் வெளுத்து, கதிரில் பாதி சப்பையாய்ப் போன பிறகு அந்த மீசைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

விதைக்குள் புழு என்றார்கள். புழுவுக்கு வெயில் போதாதா? மூன்று நாள் காயவைக்கிற விதைநெல்லை அடுத்த முறை ஏழு நாள் காயவைத்தார். கடித்தால் பல் தெறிக்கும். புழு ஒழிந்தது என்று முடிவுகட்டி, வெள்ளத்தில் விதைநெல்லைப் பறிகொடுத்த, அவர் ‘நானா’ என்று அழைக்கிற பரந்தன் அன்ஸாருக்கும் இரண்டு மூடை கொடுத்தனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை விவசாயப் போதனாசிரியர் தவராசா நுணுக்குக்காட்டியோடு வந்தார். அதே நெல்லில் ஒன்றைப் பிளந்து, கண்ணாடித் தகட்டில் தண்ணீர் விட்டு வைத்தார். யோகலிங்கம் இருப்புக்கொள்ளாமல் கால்மணிக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தார். “ஒண்டுமில்லை, பாத்தீங்களோ?” என்று சிரிக்கவும் செய்தார். மத்தியானம் எட்டிப் பார்த்தபோது, நூல்துண்டு போலச் சுருண்டு கிடந்த ஒன்று நிமிர்ந்து நெளிந்தது.

“காயக் காயச் சாகும் எண்டெல்லோ நினைச்சனான்!”

“மெல்லக் காய்ஞ்சால் இதுக்குச் சாவில்லை, அண்ணை. உடம்பிலை உள்ள தண்ணியை விட்டுட்டுச் சுருண்டு கிடக்கும். தீனில்லை, அசைவில்லை. ரண்டு மூண்டு வருசமும் கிடக்கும். நெல்லை ஊறப்போட, எழும்பி முளைக்குள்ளை போயிடும். தாய்ப்புழுவிட்டையிருந்து குஞ்சுக்கு வாற குணம் இது.”

மிச்சமிருந்த இரண்டு மூடையையும் பெரிய கிடாரத்துச் சுடுதண்ணீரில் தோய்த்தெடுத்தார்கள். சூடு கூடினால் நெல் சாகும், குறைந்தால் புழு தப்பும். தவராசா வெப்பமானியைப் பிடிக்க, யோகலிங்கம் கிண்டினார். கைதான் அங்கே இருந்தது. அன்ஸார் புதன்கிழமையே ஊறப்போடுவதாகச் சொன்னது அவரைக் குடைந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? நுனி வெளுத்தால் குளத்துத் தண்ணீரில் பழியைப் போடலாம். இப்படியும் ஒரு நினைப்பு வந்ததே என்று அவருக்கே கேவலமாக இருந்தது.

நெல்லைப் பாயில் கொட்டியதும் சைக்கிளில் ஏறினார். வழியில் இரண்டு தரம் சங்கிலி கழன்றது. இரண்டு தரமும் சைக்கிளைத்தான் ஏசினார்.

அன்ஸார் ஈரச்சாக்கைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று முளை. “ஒண்டும் பிழைக்கேல்லை, அண்ணை! நானும் இன்னும் ரண்டு நாள் கூடக் காயப்போட்டனான்.”

யோகலிங்கம் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“இதைச் சுடுதண்ணியிலை போட ஏலாதோ?”

“முளை வெந்துபோம், நானா.”

அன்ஸார் அப்படியே குந்திவிட்டார். “என்ர வயலிலை இந்தப் புழு இதுவரைக்கும் இல்லை,” என்றார். ஒரு வசவும் இல்லை. அதுதான் யோகலிங்கத்தைச் சுட்டது.

“சுடுதண்ணியிலை போட்ட ரண்டு மூடையும் பின்னேரம் வண்டியிலை வரும். நீங்கள் அதை விதையுங்கோ. இந்த முளை எனக்கு.”

“உங்களுக்கோ? தெரிஞ்சுகொண்டோ?”

“கெட்ட வயல் என்ரதுதானே.”

“அப்ப இந்தப் போகம் எதைச் சாப்பிடுவியள்?”

யோகலிங்கம் முளைநெல்லைப் பனையோலைக் கடகத்தில் அள்ளத் தொடங்கினார்.

“சாக்கைப் பிடியுங்கோ, நானா. நாளைக்கு விட்டால் முளை நீண்டுபோம்.”